பேய்க்கு வெல்வெட்

என் மகளைப் பேயாக்கியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான், இனி எல்லாம் மாறிவிடும் என்று புதுச்சேரி முழுவதும் மேடை போட்டுப் பேசினார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மட்டும் பேய் வேடம் வருடம் தவறாமல் எங்கள் மில் தெருவுக்கே வந்து சேர்ந்தது.

நாடகம் சின்னதுதான். குழந்தை யேசு தூங்குவார். பேய் வந்து தொட்டிலைச் சுற்றி ஆடும். சம்மனசுகள், அதாவது இறக்கை வைத்த தேவதூதர்கள், வந்து அதை விரட்டுவார்கள். யாருக்கு எந்த வேடம் என்பதை அவரவர் வீட்டுத் துணிப்பெட்டி தீர்மானித்தது. வெள்ளைப் பட்டு இருக்கிற வீட்டுப் பிள்ளை சம்மனசு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அடுப்புக்கரி. பிள்ளை கொஞ்சம் கறுப்பாகவும் இருந்துவிட்டால் பள்ளிக்குக் கரியும் மிச்சம்.

இரண்டு வருடம் நானே என் கையால் அவளைப் பேயாக்கினேன். பழைய சாக்கில் சட்டை, தாம்புக்கயிற்றில் வால், வாழைப்பூ மடலைச் சுருட்டிக் கொம்பு. கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினால் எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் பொங்கல் வரை போகாது. நாடகம் போட்ட கன்னியாஸ்திரியை எல்லோரும் மாசேர் என்று கூப்பிடுவோம். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பேய் வேஷத்துல உன் பொண்ண அடிச்சிக்க ஆளே இல்ல." பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்!

மூன்றாம் வருடம் நாடகப் பேச்சு எடுத்ததுமே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"கிளாஸ்ல எல்லாரும் என்னப் பேயின்னுதாம்மா கூப்புடுறாங்க."

இந்தத் தடவை இவளைச் சம்மனசாக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அவள் அப்பாவின் வேட்டியைக் கிழித்து, நீலம் போட்டு அலசி, பாதம் வரை அங்கி தைத்தேன். இறக்கைக்கு இரண்டு முறம். மில்லில் கழித்துத் தள்ளும் பஞ்சைக் கஞ்சிப்பசையில் தோய்த்து முறத்தின் மேல் ஒட்டினேன். காயவைத்திருந்தபோது பக்கத்து வீட்டுக் கோழி வந்து ஓர் இறக்கையைக் கொத்திவிட்டுப் போனது. மறுபடியும் ஒட்டினேன். துணி காயப்போடும் கம்பியை வளைத்து, சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றியதும் தலைக்கு மேலே ஒளிவட்டம் தயார்.

வேலை முடிந்து வந்த அவள் அப்பா பெட்டியைக் குடைந்தார். "இன்னாடி, என் வேட்டி எங்க?"

"சம்மனசாயிடுச்சி" என்றேன்.

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளிதான். அந்த வாரம் எங்கள் தெருவில் அரிசி புடைக்க ஒரு வீட்டிலும் முறம் இல்லை.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் எங்கு திரும்பினாலும் சம்மனசு. பேய் மட்டும் இல்லை. மாசேர் கரிக்கிண்ணத்தோடு நேராக என் மகளிடம் வந்தார்.

"நீதான் பழகுனவ. எறக்கையக் கழட்டும்மா."

அவளோ இரண்டு முறத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன் மாசேர். நான் சம்மனசு."

அப்போது, கோர்ட்டில் பெரிய வேலையிலிருந்த ஒரு முசேயின், அதாவது பிரெஞ்சு படித்த துரையின், மகள் ஓடிவந்தாள். பொம்மை மாதிரி சிவப்பாக இருப்பாள். "நான் ஆடுறேன்!" என்று கிண்ணத்துக்குள் கையை விட்டாள். அவள் அம்மா, அந்த மதாம், "ஐயோ என் பொண்ணு கலரு!" என்று அலறிக்கொண்டு வருவதற்குள் முகமெல்லாம் கரி.

மேடையில் அந்தச் சிறுமி குதித்தாள், நாக்கை நீட்டினாள், தொட்டிலையே கவிழ்க்கப் பார்த்தாள். கைதட்டல் அடங்கவில்லை. என் மகள் கைகூப்பி வரிசையில் நின்றாள். முறத்தில் ஒட்டியிருந்த தவிடு மூக்கில் ஏறி நாலைந்து தடவை தும்மினாள். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

வீடு திரும்பும்போது அவள் முகம் தொங்கிப் போயிருந்தது.

"சம்மனசுக்கு ஒரு வேலையும் இல்லம்மா. சும்மா நிக்கணும். அடுத்த வருஷம் நான் பேயே ஆடுறேன்."

முதுகில் ஒன்று வைக்கலாம் என்று கையை ஓங்கினேன். முறம் தடுத்தது.

முசே வீட்டுப் பிள்ளை ஆடினாலும் ஆடினாள், பேய்க்கு வந்த மரியாதையைக் கேட்க வேண்டுமா! அடுத்த வருடம் மதாம்கள் தங்கள் பிள்ளைக்குத்தான் பேய் வேண்டும் என்று சிபாரிசு பிடித்தார்கள். தையற்காரரிடம் கொடுத்துக் கறுப்பு வெல்வெட்டில் உடுப்பு, ஜரிகை வைத்த வால் எல்லாம் தைத்தார்கள். என் மகள் பழைய சாக்கையும் கயிற்றையும் தேடி எடுத்துக்கொண்டு ஆசை ஆசையாய்ப் போய் நின்றாள்.

மாசேர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பேய்க்கு வெல்வெட்டு வேணும்மா. உங்க வீட்டுல ஏது? நீ போயி சம்மனசுங்களோட நில்லு."