காலி வண்டியின் எடை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, சலிப்பினால்தான். பதினெட்டு வருடமாக ஒரகடம் பக்கம் வண்டி ஓட்டுகிறேன், மூன்று ஷிப்டும் பார்த்தாயிற்று, ஒரு நாளும் எதுவும் என் வண்டியை மறித்ததில்லை. அதனால் இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் ஓனர் குமரேசன் ஒரு கரண்டு கார் வாங்கினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், படப்பையில் வீடு, வீட்டை ஒட்டிய ஷெட்டிலேயே சார்ஜ் போடும் பெட்டி மாட்டியிருந்தார். காலை, மதியம், இரவு என்று ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு மணிமங்கலத்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருக்கும் நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் விடுவேன், பிறகு காலி வண்டியோடு ஷெட்டுக்குத் திரும்புவேன்.

வண்டி வந்த அன்றே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகி, ஓனர் போனிலும் என் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார்கள். வண்டி எங்கே நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, பேட்டரி எவ்வளவு இறங்கியது, சார்ஜுக்கு எவ்வளவு செலவு, எல்லாம் அதில் தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கரண்டு குடிக்கிறது என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பத்தாவதுதான் படித்தேன், முதலில் அந்த எண் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. ஏசி இல்லாமல் காலி வண்டியாக நிதானமாக ஓட்டினால் நூற்றுப் பத்தில் நிற்கும், நாலு பேரும் ஏறி ஏசியும் போட்டால் நூற்று நாற்பதைத் தொடும். என் கண் எப்போதும் அந்த எண்ணில்தான் இருக்கும்.

"அண்ணன்கிட்ட பேசாதடி, வாயத் தொறந்தா பேட்டரி எறங்கிடும்" என்று ஜெனிஃபர் என்கிற பெண் தினமும் கிண்டல் செய்யும். நான் சிரிப்பதோடு சரி.

இந்தப் பக்கம் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலியாகத் திரும்பும்போது யூனிபார்ம் போட்ட யாராவது ரோட்டோரம் நின்று கை காட்டினால் ஏற்றிக்கொள்வோம். கம்பெனி பஸ்ஸை விட்டவர்களாக இருப்பார்கள், அரைநாள் லீவு போட்டவர்களாக இருப்பார்கள். ஓனருக்கு அது பிடிக்காது. நடுவழியில் வண்டி நின்றால் அவர் போனில் சிவப்புப் புள்ளி விழும். ஒருமுறை டீ குடிக்க நிறுத்தியதற்கே கூப்பிட்டுவிட்டார்.

"இன்னாணா, வடக்குப்பட்டுல ஏழு நிமிசம் இன்னா பண்ணிகினு இருந்த?"

"டீ, ஓனரே."

"ஏழு நிமிசமா? மாட்டப் புடிச்சி கறந்தியா?"

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. சித்திரை வெயில், மணி இரண்டரை இருக்கும், பெண்களை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வடக்குப்பட்டு தாண்டி ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு வரும், அங்கே ஒரு பெண் நின்று கை காட்டினாள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் கம்பெனிக்குள் வேலை பார்க்கும்போது முடி விழாமல் போடுகிற துணி உறை. அதைக் கழற்றாமல் யாரும் வெளியே வருவதில்லை, அது எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. கால் பிரேக்குக்குப் போனது, உடனே சிவப்புப் புள்ளியும் ஞாபகத்துக்கு வந்தது. நிறுத்தாமல் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். வண்டி போன பிறகும் அவள் கையை இறக்கவில்லை. வளைவு மறைக்கும்வரை அப்படியே உயர்த்தியபடிதான் நின்றாள்.

நம்புகிறீர்களோ இல்லையோ, அடுத்த நாளிலிருந்து அந்த எண் மாறியது. கம்பெனி கேட்டிலிருந்து நூற்றுப் பத்தில் வருகிற காலி வண்டி, அந்த வளைவைத் தாண்டியதும் நூற்று நாற்பதுக்கு ஏறும், மெயின் ரோட்டைத் தொட்டதும் பழையபடி இறங்கிவிடும். ஏசி கிடையாது, ரோட்டில் மேடு கிடையாது, என் காலும் அதே அழுத்தம்தான். டயரில் காற்று பார்த்தேன், பிரேக் பிடித்திருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காலையில் போகிற டிரிப்பில் அந்த இடத்தில் எண் அசையாது. மதியம் திரும்பும்போது மட்டும்தான். வளைவுக்குப் பக்கத்தில் இளநீர் விற்கிற அம்மாவிடம் கூச்சத்தை விட்டு, இங்கே ஏதாவது ஆக்சிடென்ட் நடந்ததா, யாராவது பெண் தவறிப்போனாளா என்று கேட்டேன். "அப்டி ஒண்ணும் இல்லியேப்பா, நான் வருசக்கணக்கா இங்கதான கீறேன்" என்றது.

பத்து நாள் கழித்து ஓனர் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னாணா? தெனம் அந்த எடத்துல ஆள ஏத்தற. நிக்காம எப்டி ஏத்தற, அதான் எனக்குப் புரியல. ஸ்லோ பண்ணி ஏத்தறியா?"

"நான் யாரையும் ஏத்தல ஓனரே."

"பின்ன காத்தா ஒக்காந்துகினு வருது?"

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் குடித்திருக்கிறேன் என்பார். இந்த வயதில் திருட்டுச் சவாரி ஏற்றினான் என்று பெயர் வாங்கி வெளியே போனால், இந்தப் பக்கம் எந்த ஓனரும் சாவி தரமாட்டார், எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். ஒரு நாள் நீங்களே கூட வாருங்கள், பார்த்துவிட்டு என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள் என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல்முறை.

மறுநாளே வந்தார். பெண்களை இறக்கிவிட்டதும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டார். நூற்றுப் பதினைந்து காட்டியது, அவர் ஒருவரின் பாரம். வடக்குப்பட்டு தாண்டினோம். வளைவு தெரிந்தது. ரோடு காலி. இளநீர் அம்மாகூட அன்று கடை போடவில்லை.

"நிறுத்துணா" என்றார். "பொண்ணு கை காட்டுது பாரு. வெயில்ல பாவம்."

நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே யாரும் இல்லை. ஏரியும் கருவேல மரங்களும் வெள்ளையாக மின்னுகிற தார் ரோடும்தான். ஆனாலும் அவர் சொன்னதால் நிறுத்தினேன். அவர் திரும்பி, கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். சூடான காற்று உள்ளே வந்தது. ஏரிச் சேற்று வாடை அடித்தது.

"ஏறும்மா. படப்ப வரைக்கும்தான் போவும்."

நான் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கை அப்போது அவர் மடியில் இருந்தது, அது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

வண்டியை எடுத்ததும் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அப்படி அடிக்கும்.

"பெல்ட் போடும்மா, அது கத்திகினே இருக்கும்" என்றார் ஓனர், சாதாரணமாக.

சத்தம் நின்றது.

"எந்தக் கம்பெனிம்மா நீ?" என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். பிறகு அவரே திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, இரண்டு மூச்சு நேரம் இருக்கலாம். மெதுவாக முன்னால் திரும்பினார். போன் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. படப்பை வரும்வரை அவர் பற்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கரண்டு காரில் இன்ஜின் சத்தம் இல்லாததால் எல்லாம் கேட்கிறது, அன்றைக்கு அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது.

ஷெட்டில் வண்டி நின்றதும் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். நான் தைரியத்தை வரவழைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை. இடதுபக்க பெல்ட் மட்டும் இழுத்து மாட்டியிருந்தது. தொளதொள என்று தொங்கவில்லை, ஓர் ஆளை அணைத்த மாதிரி சீட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி விறைப்பாக நின்றது. அதை நான்தான் கழற்றினேன், இல்லாவிட்டால் இரவு ஷிப்டுப் பெண்கள் எப்படி உட்காருவார்கள். பட்டனை அழுத்தியதும் பெல்ட் உடனே சுருண்டு உள்ளே போகவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் போனது.

மறுநாள் காலை, வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய் நின்றேன். ஓனர் சாவியை என் கையில் வைத்தார். "வண்டிய எடுணா. நான் இனிமே எதுவும் கேக்கமாட்டேன்" என்றார். அவர் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நான் எங்கே நின்றாலும், எத்தனை நிமிடம் நின்றாலும் ஒரு போன் வருவதில்லை. வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்து வண்டிக்கு விபூதி வைத்தார், காரணம் சொல்லவில்லை. பின்சீட்டில் என்ன பார்த்தார் என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவராகவே ஷெட்டில் என் பக்கத்தில் வந்து நின்றார். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சேகர்ணா, அன்னிக்கு அது எங்க எறங்குச்சி, நீ பாத்தியா?"

"நான் அது ஏறுனதையே பாக்கல ஓனரே."

சுவரில் மாட்டியிருந்த சார்ஜ் பெட்டியை விரலால் தடவினார்.

"எறங்குனத நானும் பாக்கல" என்றார்.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. என் போனில் ஆப் இன்னும் இருக்கிறது, எடுக்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த வளைவில் எண் ஏறுவதில்லை, மெயின் ரோட்டில் இறங்குவதும் இல்லை. விடிகாலையில் ஷெட்டிலிருந்து நான் ஒருவன் மட்டும் வண்டியை எடுக்கும்போதே நூற்று நாற்பதில்தான் ஆரம்பிக்கிறது.