சென்சாருக்கு வைத்த பொட்டு

நாளை குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறோம். போன வாரம்தான் பக்கத்துத் தெருவில் திருட்டு.

அதனால் இன்று வாசல் சுவரில் ஒரு வைஃபை சென்சார் மாட்டினேன். ஆள் நடமாடினால் என் போனில் அலாரம் அடிக்க வேண்டும்.

ஆப்பில் ‘கனெக்டட்’ என்று வந்துவிட்டது. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். போன் வாயே திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கஸ்டமர் கேரில் கத்தினேன்.

கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், சென்சாரின் கண்ணிலேயே சந்தனம், நடுவில் குங்குமம்.

“நீங்க பாஸ்வேர்டு தேடினப்போ இதே ஸ்டூல்ல ஏறித்தான் வச்சேன். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்க வேணாமா?” என்றாள் மனைவி.

துடைத்த நொடியில் போன் அலறியது. அப்பாடா!

பொட்டு இப்போது கண்ணுக்கு மேலே, நெற்றியில்.

உங்கள் வீட்டு ரவுட்டருக்கு எங்கே வைத்திருக்கிறீர்கள்? வைக்கவேயில்லை என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம்.