பாகம் பிரிந்தபோது அணைந்த அடுப்பு

எங்கள் கொல்லையில் இருந்த சாண எரிவாயுக் கலன் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. அது நின்றபோது அதில் எந்தப் பழுதும் இல்லை.

நான் கல்யாணமாகி அரியக்குடிக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊருக்கு வந்தபோது என் ஓரகத்திக்கு ஏற்கெனவே இருமல் இருந்தது. கணவரின் அண்ணன் மனைவி அவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சிலிண்டர் காபி போடுவதற்கும் அவசரத்துக்கும்தான். உலை வைப்பது, நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவது எல்லாம் சீமைக்கருவேல விறகில். பாதிச் சமையலில் அக்கா கொல்லைக்கு ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். புகையில் நிற்கக் கூடாது என்று காரைக்குடி டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “நான் நிக்காட்டி சோறு யாரு ஆக்குறது?” என்று அக்கா கேட்டாள்.

பிறகு ஊராட்சிக் கூட்டத்தில் ஓர் அதிகாரி சாண எரிவாயுவைப் பற்றி விளக்கினார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் யோசித்தார். அவர் அண்ணன்தான், “நம்ம மாடு, நம்ம சாணி. போட்டுத்தான் பாப்பமே” என்றார். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே குழி தோண்டினார்கள். கொத்தனார் உள்ளே செங்கல் கட்டி, மேலே கவிழ்த்த சட்டி போலக் கூரை எழுப்பினார். தினமும் காலையில் நானும் அக்காவும் சாணியைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, வைக்கோல் துரும்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு உள்ளே ஊற்றினோம்.

முதல் சில வாரம் ஒன்றுமே வரவில்லை. ஒருநாள் கலனிலிருந்து குழாய் இழுத்த அடுப்பில் தீக்குச்சியைக் காட்டியதும் நீலமாகப் பிடித்துக்கொண்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்கள். மாமனார் மட்டும் சாணி வாடை அடிக்குமென்று அன்றைக்குக் காபி வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரம் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

விறகடுப்பை மூடினோம். அக்காவின் இருமல் மெல்லக் குறைந்தது. சமைத்துக்கொண்டே பேசினாள், சிரித்தாள். கலனிலிருந்து வழிந்த கரைசலைக் கத்தரிக்கு விட்டோம். தெருவுக்கே கொடுக்கும் அளவுக்குக் காய்த்தது.

மாமனார் இறந்தபிறகு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணன் தம்பிக்குள் தொடங்கிய சண்டை பாகப்பிரிவினையில் வந்து நின்றது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். மாடும் தொழுவமும் அண்ணனுக்கு. கலன் இருந்த பக்கம் எங்களுக்கு. நான் கதவோரம் நின்றபடி சொன்னேன்: “சாணிக் குழிய மட்டும் பொதுவுல விட்டுருங்க. ரெண்டு வீட்டுக்கும் குழாய் இழுத்துக்கிடலாம்.”

“பொதுன்னு வச்சா நாளைக்கு அதுக்கும் பஞ்சாயத்துக்கு வந்து நிப்பீக, தாயி” என்றார் ஒருவர். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையின் நடுவே சுவர் எழும்பியது.

அக்கா விடவில்லை. சாணிக் கூடையைத் தெருவழியே சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சமைத்த குழம்பைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. பிறகு ஒருநாள் அண்ணன் சத்தம் போட்டது சுவர் தாண்டிக் கேட்டது. “நம்ம சாணி போய் அவுக அடுப்பெரியணுமா?” மறுநாள் கூடை வரவில்லை.

காய்கறிக் கழிவு, பழைய சோறு என்று கிடைத்ததையெல்லாம் கரைத்து ஊற்றினேன். தெருவில் சாணி பொறுக்கினேன். தீ சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் பிடிக்கவேயில்லை. அதற்குள் சுவருக்கு அங்குட்டு விறகுப் புகை எழுந்திருந்தது. இருமலும் கேட்டது. நான் இங்கே சிலிண்டரில் சமைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தேன்.

அண்ணன் மகள் கல்யாணத்தில் சகோதரர்கள் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் பேசியது என்று நான் கவனிக்கவில்லை. பந்தியில் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரை இடித்து ஒரு வழி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, மழை பொய்த்த வருசம், வைக்கோல் கிடைக்காமல் மாடுகளை விற்றாகிவிட்டது. கலனும் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்களென்று என் கணவர் மண்ணைப் போட்டு மூடினார். அண்ணனும் வந்து மண் அள்ளிப் போட்டார். “இதைப் பிரிச்சிருக்க வேண்டாம்டா” என்றார். என் கணவர் அடுத்த கூடை மண்ணைக் கொட்டினார்.

அக்கா இப்போது திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மூச்சிழுப்புக்கு மருந்து உறிஞ்சிக்கொள்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள்.

“நம்ம சாணி அடுப்பு நல்லாத்தான இருந்துச்சு?” என்றாள்.

“நல்லா இருந்துச்சுக்கா.”

அவளுக்குத் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.