மாப்பிள்ளை அண்ணனின் புதன்கிழமைச் சட்டை

போன வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு, கிள்ளானில் நான் வேலை செய்யும் லோரி டயர் கடையில் நடந்தது இது. முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிவம் இரண்டோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஒழுங்காகச் செய்கிற ஒரே காரியம் அடுத்தவர்களைக் கிண்டல் பண்ணுவதுதான். கடைக்கு வரும் டிரைவர்கள் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். பாஸுக்கும் ஒன்று உண்டு. இங்கே எழுதினால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.

அப்போது எங்கள் கடைக்கு ஓர் அண்ணன் புதிதாக வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயதிருக்கும். கடைக்கு மேலே பாஸ் கொடுத்த அறையில் தங்கியிருந்தார். சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். கதவு சாத்தியிருந்தால் தானாகத் திறக்க மாட்டார். யாராவது திறக்கும் வரை ஓரமாக நிற்பார்.

“என்ன அண்ணே, அரண்மனைல வளர்ந்தீங்களா? கதவு திறக்க ஆள் வேணுமா?” என்று கேட்பேன். அவர் சிரிப்பார். பாஸ் மட்டும் சிரிக்க மாட்டார்.

புதன்கிழமை ஆனால் அண்ணன் வேறு ஆள். மூன்று மணிக்குக் கை கால் கழுவி, தேய்த்து மடித்த நீலச் சட்டையைப் போட்டு, தலை வாரி, மூன்றரை பஸ்ஸில் ஷா ஆலாமுக்குக் கிளம்பிவிடுவார். நான் எவ்வளவு கத்தினாலும் நேரத்துக்கு வராத எதிர் டீக்கடை அக்காவின் தே தாரேக், புதன்கிழமை மூன்று மணிக்கு அவருக்கு மட்டும் தானாக வந்து சேரும். ஷா ஆலாமில் ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ‘மாப்பிள்ளை’. நான் அப்படிக் கூப்பிட்டாலும் சிரிக்கத்தான் செய்வார்.

எங்கள் கடையில் வேலை நேரத்தில் யாரும் கையில் போன் வைத்திருக்கக்கூடாது. ஒரு தடவை என் போன் லோரி சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமானதிலிருந்து, எல்லார் போனும் கல்லாப் பக்கத்து பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். மணி பார்க்க வேண்டுமென்றால் சுவரில் மாட்டிய பழைய கடிகாரம்தான்.

அந்தப் புதன்கிழமை பாஸ் பழைய டயர் ஏற்ற ரவாங்குக்குப் போயிருந்தார். எதிர்க்கடை அக்காவும் இல்லை. தைப்பூசக் கூட்டத்துக்கு முன்பே பால்குடம் எடுத்துவிடலாம் என்று பத்துமலைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை அண்ணன் பெரிய லோரி ஒன்றின் அடியில் படுத்திருந்தார். மழைக்கு வானம் கறுத்திருந்தது. மணி இரண்டு ஐம்பது. எனக்குக் கை அரித்தது. நான்கு டயரை அடுக்கி மேலே ஏறி, கடிகார முள்ளைச் சரியாக ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டேன். இன்றைக்கு அந்தப் பொம்பளை காத்திருந்து கோபப்படட்டும், மாப்பிள்ளை என்ன பாடு படுகிறார் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக.

பாஸ் திரும்பி வந்தபோது அண்ணன் நீலச் சட்டையோடு தலை வாரிக்கொண்டிருந்தார். பாஸ் லோரியை விட்டுப் பாதி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“டேய், நீ இன்னும் போகலயா?”

“மணி இப்பதான் மூணேகால் பாஸ்.”

பாஸ் தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். நாலேகால்.

அண்ணன் கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவரோ மெதுவாக மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தார். பையில் பல்விளக்கும் பிரஷ், துண்டு, சாமி படம். “என் பையன் போன் பண்ணா, ரவாங்ல வேலைன்னு சொல்லுங்க பாஸ். மறுபடி உள்ள போயிட்டேன்னு சொல்லாதீங்க,” என்றார்.

உள்ளே என்றால் எங்கே என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

அவர் பரோலில் வெளியே வந்தவர். புதன்கிழமைதோறும் நாலரைக்குள் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை ரோடு ஜேமில் மாட்டி லேட்டாகி எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு தடவை என்றால் மீதி எட்டு மாதத்தையும் சிறையில்தான் முடிக்க வேண்டும். இதையெல்லாம் பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

“ஏன் பாஸ் என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள போர்ட் கிள்ளான் வரைக்கும் தெரிஞ்சிரும்லா. இந்த வரிசைல உன்ன தவிர எல்லாருக்கும் தெரியும்.”

“பாஸ்... கடிகாரத்த நான்தான் திருப்பி வச்சேன்.”

பாஸ் கையை ஓங்கினார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அடிக்க நேரமில்ல பாஸ்.”

என் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பக்கத்துக் கடை முடிவெட்டுகிற அண்ணன் ஓடி வந்து தன் மழைக்கோட்டை நீட்டினார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சீன அங்கிள் தன் மகளின் ரோஸ் கலர் ஹெல்மெட்டை அண்ணன் தலையில் மாட்டிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பாஸ் சொன்னது உண்மைதான் என்று அப்போது உறைத்தது.

ஹைவேயில் மழை பிடித்துக்கொண்டது. மற்ற மோட்டார்க்காரர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். நான் நிற்கவில்லை. வழி முழுக்க அண்ணன் பேசியது ஒரே ஒரு தடவை: “மெதுவா போடா. நீ விழுந்தா ரெண்டு பேருக்குமே லேட்டு.”

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. மேசைக்குப் பின்னால் தலையை மூடித் தூடோங் போட்ட அதிகாரி அம்மா இருந்தார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டித் தலை குனிந்து நின்றார். அப்படி ஒரு நிற்பை நான் அதுவரை பார்த்ததில்லை. “புவான், சாயா பூஞா சாலா,” என் தப்புதான் அம்மா என்று ஆரம்பித்தேன். கடிகாரக் கதையை என் ஓட்டை மலாயில் சொல்லி முடிக்கும் வரை அந்த அம்மாவின் முகம் அசையவே இல்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, அப்படியே எழுதிக் கொடு என்றார்.

பத்து வருஷமாக நான் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதியதில்லை. ஆறு வரி எழுத அரைமணி நேரம் ஆனது. நான் எழுதி முடித்ததும் அவர் அண்ணனின் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரு கடிதம். இந்த மனிதரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதி, கீழே ஐந்து கையெழுத்து. பாஸ், எதிர்க்கடை அக்கா, முடிவெட்டுகிற அண்ணன், சீன அங்கிள், மூலைக்கடை டெய்லர். என்னைத் தவிர அந்த வரிசையே அதில் இருந்தது.

என் தாளை அதற்குப் பின்னால் செருகினார். இந்த ஒரு தடவை நீ சொன்னதை நம்புகிறேன், அடுத்த தடவை எதையும் கேட்க மாட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. இனிமேல் உங்களை அப்படிக் கூப்பிட மாட்டேன் அண்ணே என்றேன். ரோஸ் கலர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: “மாப்பிள்ளைன்னே கூப்பிடுடா. அங்க என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.”

அந்த எட்டு மாதமும் புதன்கிழமை மூன்று மணிக்கு நானே அவரை ஏற்றிக்கொண்டு போனேன். எதற்காக உள்ளே போனார் என்று இன்றுவரை கேட்கவில்லை. கடையில் இப்போது புதுக் கடிகாரம்; பாஸ் அதை எனக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறார், அதையும் வைத்து எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் அதை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வருகிறது: ஒரு மனிதனை வெளியே வைத்திருக்க ஐந்து பேர் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது, திரும்ப உள்ளே தள்ள என் ஒரு விரல் போதுமாக இருந்திருக்கும்.