ஓரத்துப் பனல்

கோணேஸ்வரிக்கு லிங்கநகரில் ஒரேயொரு குறைதான்: மீன் காயப்போட இடமில்லை. அவள் பிறந்து வளர்ந்த சல்லிக் கிராமத்தில் கடற்கரை மணலில் பாயை விரித்து, மேலே வலையைப் போட்டால் போதும். கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகு, முற்றத்தில் விரித்தால் நாய், மதிலில் விரித்தால் காகம், வாசலில் விரித்தால் புருஷன். கடற்கரையில் பிறந்தவள் இருபத்தெட்டு வருஷம் கருவாட்டைக் கடையில் வாங்கித் தின்றாள். இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

போன வருஷம் அவள் கணவர் இராசநாயகம் வீட்டுக் கூரையின் கொங்கிரீட் தட்டில் ஒன்பது சோலார் பனல்கள் பூட்டுவித்தார். துறைமுக வேலையில் ஓய்வு பெற்றவர். கைபேசியில் மின்சாரக் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதே அவருக்குப் புது உத்தியோகம் ஆயிற்று. முழங்கால் நோவினால் ஏணி ஏறமாட்டார். பீனிசத்தால் மூக்கும் வேலை செய்யாது. இந்த இரண்டையும் கோணேஸ்வரி நன்றாக மனதில் வைத்திருந்தாள்.

ஒருநாள் உடுப்புக் காயப்போட ஏறியவள் பனலைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வழுவழுவென்ற சுத்தமான கண்ணாடி, நாயும் ஏறாது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள். மறுநாளே தங்கச்சி கொடுத்துவிட்ட பாரை மீனைக் கீறி, உப்புப் போட்டு, ஓரத்துப் பனலில் பரப்பி, வலைத்துண்டால் மூடிக் கட்டினாள். பத்து மணிக்கு விரிப்பாள், இரண்டு மணிக்கு அள்ளுவாள். கருவாடு முறுக்கு மாதிரி வந்தது. இராசநாயகம் இரண்டாந்தரமும் சோறு போட்டுத் தின்றுவிட்டு எந்தக் கடை என்று கேட்டார். புதுக்கடை என்றாள்.

கைபேசிக் கோடு மட்டும் தினமும் பத்து மணிக்குக் குப்புற விழுந்து, இரண்டு மணிக்கு எழும்பியது. இராசநாயகம் பதறிப்போனார். சூடுதானே கரண்ட் ஆகிறது, மீன் சூட்டைத் தின்றுவிடுமா என்றிருந்த கோணேஸ்வரிக்குச் சந்தேகமே வரவில்லை. முற்றத்து மாமரத்தின் நிழல்தான் காரணம் என்று மனிதர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மரம் மேற்கே நிற்கிறது, நிழல் கூரைக்கு வரவே நாலு மணியாகும் என்றாள் அவள். கண்ணுக்குத் தெரியாத நிழலும் உண்டாம்! இந்த மனிதரோடு யார் கதைப்பது? தம்பலகாமத்திலிருந்து மரம் வெட்டுகிறவரையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவிட்டார்.

அது கோணேஸ்வரி தன் கையால் வைத்த மரம். பின்னேரங்களில் அதன்கீழே கதிரை போட்டு, பக்கத்து வீட்டுச் சுஹைராவோடு மதிலுக்கு மேலால் கதைப்பதுதான் அவள் கண்ட சுகம். பனல் பூட்டிய ஸஜ்ஜாத் வந்து பார்க்காமல் ஒரு கொப்பையும் தொடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஸஜ்ஜாத் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்து, ஏறிப் பார்த்து இறங்கினான். பனலில் ஒரு குற்றமுமில்லை. எல்லாம் ஒரே வயரில் கோத்தவை, ஒன்றில் கையகல நிழல் விழுந்தாலும் மற்றவற்றையும் சேர்த்து இழுத்து விழுத்தும் என்று விளக்கினான்.

"பத்து மணிக்கு என்னவோ வந்து மூடுது ஐயா, ரெண்டு மணிக்குப் போகுது. மேகம் இப்பிடி மணி பார்த்து வராது."

"அப்ப மரம்தான். நாளைக்கு வெட்டுவிப்பம்," என்றார் இராசநாயகம்.

தேநீர்த் தட்டோடு நின்ற கோணேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. கையகல நிழலா? அவள் விரித்தது ஒரு பாயளவு. வாயைத் திறந்தால் கருவாடு போச்சு, மூடினால் மரம் போச்சு. தட்டை மேசையில் வைத்தாள்.

"மரத்தில கை வைக்காதேங்கோ. பனலை மூடுறது என்ர கருவாடு. நீங்கள் மூண்டு மாசமாத் தின்னுறது மேல காஞ்சதுதான்."

ஸஜ்ஜாத் சிரிப்பை அடக்கத் தேநீருக்குள் முகத்தைப் புதைத்தான். இராசநாயகம் கைபேசியைப் பார்த்தார், கருவாட்டுச் சட்டி இருந்த குசினிப் பக்கம் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். வெடிக்கப் போகிறார் என்று கோணேஸ்வரி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி," என்றார் அவர், டொக்டரிடம் கேட்பதுபோலத் தணிந்த குரலில். "ஒரு பனலை மட்டும் வயரில இருந்து கழட்டிவிட ஏலுமா?"

"ஓம், ஏலும். ஆனா அதில பிறகு கரண்ட் வராதே ஐயா."

"வராட்டிப் பரவாயில்லை. அது கருவாட்டுக்கு."