படத்தில் தெரியாத வீடு

என் கணவருக்கு நீலகிரியில் ஆசிரியர் வேலை கிடைத்தபோது, அந்த மலையைக் காரைக்குடியில் உட்கார்ந்தபடியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படத்தை விளக்கு மேசைமேல் விரித்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, சரிவு, மண், ஓடை, சாலைக்காக வெட்டிய இடம் என்று தனித்தனியாக வரைவோம். பிறகு கணினியில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மண் சரியக்கூடிய இடங்கள் தனி நிறத்தில் எழும்பி வரும்.

வேலையில் சேர்ந்த வாரமே அவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"வீடு அமஞ்சிருச்சு புள்ள. பின்செவுத்துலயே ஊத்து கசியுது. ஒரு மூங்கியச் சொருகி விட்டுருக்காக, ராப்பகலா ஓடுது. ஊர்ல சொன்னா நம்ப மாட்டாக."

அவர் பிறந்தது சிங்கம்புணரிக்கு அங்குட்டு ஒரு கிராமம். கோடையில் ஊருணி வற்றிவிட்டால், குழியில் தண்ணீர் ஊறும்வரை குடத்தோடு காத்துக் கிடந்து வளர்ந்தவர். கசியும் சுவர் அவருக்கு வரமாகத் தெரிந்தது. மலையை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர் கசிகிறது என்றால் அந்த மண் தண்ணீர் குடித்து நிற்கிறது என்று அர்த்தம். அவர் சொன்ன தெருவை மறுநாள் வரைபடத்தில் தேடினேன். அபாயம் மிக அதிகம் என்று நாங்களே நிறம் கொடுத்திருந்த பகுதி அது.

அடுத்த முறை அவர் பேசியபோது சொன்னேன். "அந்த வீடு வேணாங்க. வேற எடம் பாருங்க."

"படத்தப் பாத்துச் சோசியம் சொல்றியாக்கும். என்னைக்கு விழும்னு சொல்லு, மொத நா காலி பண்ணிருறேன்."

என்றைக்கு என்று எங்கள் வரைபடம் சொல்லாது. எங்கே என்று மட்டும்தான் சொல்லும். அதைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "சரி, நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு வா. வந்து பாரு. புடிக்கலைன்னா வேற வீடு பாப்போம்."

மகளுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. மாமியாரோடு நாங்கள் இருந்த கோட்டையூர் வீட்டில் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். மலையில் மழை தொடங்கிவிட்டது என்றார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அவளைப் படுக்க வைக்க எனக்குத் தைரியமில்லை. மழை விடட்டும் என்றேன்.

"தண்ணி உள்ள வீட்ட வேணாம்ங்கிறா," என்றார் மாமியார், அடுப்பைப் பார்த்தபடி. "புருசன்கூடப் போக மனசில்லைன்னா அதச் சொல்லிட்டுப் போயிரலாம்."

அந்த ஐப்பசி மழையில் சுவர் மண்ணோடு உள்ளே வந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். உடலை ஊருக்குக் கொண்டுவந்து, பங்குச் சாமியார் பூசை வைத்து அடக்கம் செய்தோம். மகளுக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டினாள்.

மழை விட்டபின் எடுத்த படம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. புதிதாகச் சரிந்த இடங்களைக் குறிக்க வேண்டும். பேராசிரியர், "இந்தத் தாளை வேறு யாராவது பார்க்கட்டுமே அம்மா," என்றார். நானே பார்க்கிறேன் என்றேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினேன். அந்தப் படத்தில் ஒரு புள்ளிக்குள் நாலைந்து வீடுகள் அடங்கிவிடும். ஒரு வீட்டின் பின்னால் மட்டும் விழுந்த மண் தெரியவே இல்லை. அந்தப் பகுதி முன்பு இருந்தது போலவே இருந்தது.

மாமியார் மலையைப் பார்த்ததே இல்லை. மகன் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் அழைத்துப் போனேன். மேசை விளக்கின் வெளிச்சத்தில் படத்துக்கு மிக அருகே குனிந்தார்.

"இதுல எங்குட்டுத்தா அவன் வீடு?"

"இந்தப் பக்கம் அத்தே. வீடெல்லாம் இதுல தெரியாது."

"மண்ணு விழுந்த எடம்?"

"அதுவும் தெரியாது."

படத்திலிருந்து நிமிர்ந்தார். "எதுவுமே தெரியலைன்னா, ஒனக்கு மட்டும் எப்புடித்தா முன்னாடியே தெரிஞ்சுச்சு?"

"தெரியல அத்தே. விழும்னு தெரியாது. பயமாத்தான் இருந்துச்சு."

"பயந்தவ, போயிக் கையோட கூட்டியாந்துருக்கணும்ல ஆத்தா."

அவர் குரலில் கோபம் இல்லை.