உடுப்புக் கிளிப்பில் பதினெட்டுப் பேர்

கமலாம்பிகை அக்கா நீலக் கிளிப்பைக் கழற்றுகிறார். வலப்பக்க ஹாங்கரில் மாட்டுகிறார். ஓரடி பின்வாங்கிப் பார்த்து, "ம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு, அதைத் திரும்பவும் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறார். இதற்கிடையில் அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது. ஓடிப்போய் இறக்குகிறவன் நான். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் பிறந்தால் கமலாம்பிகையின் குசினி அலுமாரிக் கைபிடிகளில் இரண்டு ஹாங்கர்கள் தொங்கத் தொடங்கிவிடும். வலப்பக்கத்தில் இருப்பவர்கள் இந்த வருட அணியில் விளையாடப் போகிறவர்கள். இடப்பக்கத்தில் இருப்பவர்கள் விளையாட ஆசைப்படுகிறவர்கள். ஆளுக்கொரு உடுப்புக் கிளிப். அதில் வெள்ளை ரேப் துண்டு ஒட்டி, பேரும் புள்ளியும் எழுதியிருக்கும். "கொம்பியூட்டரில் செய்யலாமே அக்கா" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "கொம்பியூட்டரில ஒருத்தனை வெட்டேக்க கை நோகாது தம்பி. கொஞ்சமெண்டாலும் நோகவேணும்" என்றார். என்னை வெட்டியபோது எவ்வளவு நொந்தது என்று நான் கேட்கவில்லை.

ஓம், என்னையும் வெட்டியவர்தான். இரண்டு வருடம் ஆகிறது. என் கிளிப் அந்த வீட்டு மேசை லாச்சிக்குள், பழைய பற்றரிகளோடு கிடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத என் போன்ற பெருந்தன்மைக்காரனால்தான் முடியும்.

கமலாம்பிகைக்கு நாற்பத்தொன்பது வயது. இளந்தென்றல் விளையாட்டுக் கழகத்தின் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட அணிக்கு அவர்தான் முகாமையாளர். கழகத்தின் பெயரில் மட்டும் இளமை இருக்கிறது. கமலக்கா வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தவர் அல்லர். ஆட்டம் நடக்கும்போது பாதி நேரம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெலிபோனில் கதைப்பார். யாராவது குத்தலாகக் கேட்டால், "பந்து உருண்டையெண்டு எனக்குத் தெரியும். காணும்தானே" என்பார்.

அவருடைய ஞானம் வேறு இடத்திலிருந்து வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபறோப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தாதிமாருக்கும் உதவியாளர்களுக்கும் வேலைநேரம் போடுவது அவர் தொழில். விடிய ஐந்தரைக்கு அடிக்கிற ரெலிபோனில் முதல் "ஹலோ"வைக் கேட்டே, அது உண்மைக் காய்ச்சலா, பேர்த்டே பார்ட்டியா என்று சொல்லிவிடுவார். யார் வருவினம், யார் வரமாட்டினம், யார் வருவன் என்று சொல்லிப்போட்டு வராமல் விடுவினம் என்பது இருபது வருடப் படிப்பு. பழைய முகாமையாளர் பிக்கரிங்குக்கு வீடு மாறிப் போனபோது, பதினொரு பேர் சேராமல் மூன்று ஆட்டம் கைவிட்டுப்போன நிலையில் கழகம் இவரிடம் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் ஆள் இல்லாமல் நிற்கவில்லை.

ஆள் தெரிவு செய்கிற விதமும் அவருடையதே. மைதானத்தில் ஓடவிட்டுப் பார்க்கமாட்டார். வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். வாசலில் வந்தவர் சப்பாத்தைக் கழற்றும்போது கதவைத் திறந்துவிட்டு நின்று பார்ப்பார். அவ்வளவுதான் பரீட்சை. "நிண்டபடி கழட்டினா தொண்ணூறு நிமிசம் விளையாடுவான். சுவரைப் பிடிச்சா பாதி நேரம். குந்தியிருந்து கழட்டினா ஆளுக்கு இன்னொரு வடையைக் குடுத்து அனுப்பவேண்டியதுதான்." அன்றைக்கு நான் படியில் குந்தியிருந்து லேஸை அவிழ்த்தேன். இரண்டு வடை சாப்பிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

இந்த வருடம் வந்த கரைச்சலைச் சொல்ல வேண்டுமென்றால் லீக்கின் புள்ளிக் கதையைச் சொல்ல வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்னர் லீக் தொடங்கியபோது ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் விளையாட்டு வரலாற்றைத் தானே எழுதிக் கொடுத்தார். அதை வைத்து ஒன்றிலிருந்து பத்து வரை புள்ளி. பள்ளிக்கூட அணி என்றால் மூன்று, ஊர்க் கழகம் என்றால் நாலு, மாவட்ட அணி என்றால் எட்டு, தேசிய அணிப் பக்கம் போனவர் என்றால் பத்து. பட்டியலை மண்டபச் சுவரில் ஒட்டுவோம் என்று வேறு அறிவித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? அந்த ஒரே பின்னேரத்தில் ரொறன்ரோவில் யாழ் மாவட்ட அணிக்கு விளையாடியவர்கள் நாற்பத்தாறு பேர் ஆகிவிட்டார்கள். நான் மட்டும் உண்மையை எழுதினேன். வகுப்புகளுக்கிடையிலான போட்டி. இரண்டு புள்ளி.

அன்றைக்கு அந்தப் புள்ளி வெறும் பெருமை. இந்த மாரிக் குளிரில் லீக் ஒரு சட்டம் போட்டது. ஒரு கழகத்தின் பதினெட்டுப் பேருடைய புள்ளிகள் சேர்ந்து தொண்ணூறைத் தாண்டக்கூடாது. நல்ல ஆட்டக்காரர் எல்லாரையும் இரண்டு கழகங்களே அள்ளிக்கொண்டு போவதை நிறுத்தத்தான். மார்ச் கடைசிச் சனி மதியம் பன்னிரண்டுக்கு முன் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவரை அடுத்த நாளிலிருந்து எந்தக் கழகமும் கூப்பிடலாம். அதற்கு 'ஓப்பன் வீக்' என்று பெயர். புள்ளியைக் குறைக்கவும் ஒரு வழி வைத்தார்கள். ஆட்டக்காரரே தன் கைப்பட, நான் முன்னர் எழுதியது சரியில்லை என்று கடிதம் தர வேண்டும். கள்ளம் நடக்காமல் இருக்க, அதைச் சபையில் உரத்து வாசிப்பார்கள். ஐயோ, உரத்து!

கமலக்காவின் பட்டியல் நூற்றொன்றில் நின்றது. முதலில் கோல்காப்பாளர் றெமிஜியஸின் வீட்டுக்குக் கட்லட்டோடு போனார். றெமிஜியஸ் பத்துப் புள்ளிக்காரர். தேசிய அணிப் பயிற்சி முகாம் என்று எழுதியிருந்தவர்.

"அண்ணை, முகாமுக்குள்ள போனனீங்களோ, கேற்றோட நிண்டனீங்களோ?"

றெமிஜியஸ் ஒரு கட்லட் முழுவதையும் மென்று முடித்துவிட்டு, "கேற்றோடதான் பிள்ளை" என்றார். கடிதமும் எழுதித் தந்தார்; ஊர்க் கழகக் கணக்கில் பத்து நாலாகியது. மொத்தம் தொண்ணூற்றைந்து. இன்னும் ஐந்து இறங்க வேண்டும்.

மிச்சமிருந்த பாரம் இரண்டு கிளிப்பில். ஒன்று சிவப்பு: யூட்சன், நாற்பத்தொரு வயது, இடக்கால்காரர், ஒன்பது புள்ளி. அந்த ஒன்பதும் உண்மை. கையில் சமோசாத் தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடி, சுவரைத் தொடாமல் இரண்டு சப்பாத்தையும் கழற்றிய ஒரே மனிதர். அவர் இருப்பது ஒஷாவாவில். "இவனை விட்டா ஞாயிற்றுக்கிழமை விடியவே ஒஷாவாக் கழகக்காரர் வாசலில நிப்பினம். பிறகு அவன் எங்களுக்குத்தான் கோல் அடிப்பான்" என்றார் கமலக்கா. போன வருடம் ஒரு கோலில் இறுதியாட்டத்தைக் கோட்டைவிட்ட அணி இது. யூட்சன் இல்லையென்றால் இறுதியாட்டத்தைப் பார்க்க ரிக்கற் எடுத்துத்தான் போக வேண்டும்.

மற்றது நீலம்: கிருபன், ஐம்பத்திரண்டு வயது, எட்டுப் புள்ளி, யாழ் மாவட்ட அணி. பேக்கரியின் பாண் ட்ரக் ஓட்டுகிறவர். கழகத்தின் முதல் நாளிலிருந்து நடுக்களத்தில் நிற்பவர். சுவரைப் பிடித்துச் சப்பாத்துக் கழற்றுபவர். கமலாம்பிகையின் கணவர்.

எட்டுப் புள்ளி என்பது கிருபன் அண்ணைக்கு வெறும் இலக்கம் இல்லை. கலியாணப் பேச்சிலேயே "மாப்பிள்ளை டிஸ்ரிக் பிளேயர்" என்றுதான் பெண்வீட்டுக்குச் சொல்லப்பட்டதாம். பிறந்தநாள் வீடோ செத்தவீடோ, உதைபந்தாட்டக் கதை வந்தால், "நாங்கள் டிஸ்ரிக்குக்கு விளையாடேக்க" என்றுதான் தொடங்குவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அந்த மைதானத்துப் புழுதி மூக்கில் ஏறியிருக்கிறது.

"கடிதம் ஒண்டு கேக்கலாமே அக்கா?" என்றேன், பருப்புச் சட்டியை இறக்கி வைத்தபடி.

"கேட்டா எழுதித் தருவார். பிறகு அந்த மனுசன் எந்த முகத்தோட சாப்பாட்டு மேசைக்கு வாறது? நான் எந்த முகத்தோட சோறு போடுறது?"

கொஞ்ச நேரம் ஹாங்கர்களைப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்தார். பற்றரிகளைத் தள்ளி, என் கிளிப்பை வெளியே எடுத்தார். ஒரு கால் உடைந்திருந்தது.

"தம்பி, உங்கட பூட்ஸ் இருக்கோ?"

கணக்கு எனக்கும் விளங்கியது. எட்டை எடுத்து இரண்டைப் போட்டால் எண்பத்தொன்பது. பொய் சொல்லத் தெரியாத இரண்டு புள்ளிக்காரனுக்கு லீக்கில் திடீரென்று மவுசு. எனக்குச் சந்தோசம். நீலக் கிளிப்பை அவர் எந்த ஹாங்கரிலும் மாட்டாமல் தன் வேலை ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டதைக் கண்டபோது, அந்தச் சந்தோசத்துக்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பூட்ஸைத் துடைத்தேன். பொய் சொல்லக்கூடாது, பொலிஷும் போட்டேன்.

சனிக்கிழமை மில்லிக்கனில், பிளாஸா ஒன்றின் பின்பக்கத்து மண்டபத்தில் கூட்டம். முப்பது பேருக்கும் மைக் பிடித்துத்தான் பேசுவேன் என்று நிற்பவர் லீக் செயலாளர் இராஜரட்ணம் அண்ணை. கமலக்கா முன்வரிசையில், இரண்டு ஹாங்கர்களையும் பக்கத்துக் கதிரையின் முதுகில் கொழுவிவிட்டு இருந்தார். மடியில் இரண்டு என்வலப். ஒன்றில் கிருபன் இருக்கிறார், யூட்சன் இல்லை. மற்றதில் யூட்சன் இருக்கிறார், கிருபனுக்குப் பதில் நான். பதினொன்றரை ஆகியும் எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கவில்லை. இருபது வருடம் ஆட்களுக்கு நேரம் போட்டவர், இரண்டு என்வலப்பையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தார். என் பூட்ஸ் கார் டிக்கியில் இருந்தது.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கக் கதவு திறந்தது. பாண் ட்ரக் சீருடையோடு கிருபன் அண்ணை. கால் முழுக்கப் பனிச்சேறு. யாரையும் பாராமல் நேரே மேசைக்குப் போய், நாலாக மடித்த ஒரு தாளை இராஜரட்ணம் அண்ணையிடம் நீட்டினார். இராஜரட்ணம் அண்ணை மைக்கை ஒருமுறை தட்டிவிட்டு வாசித்தார்.

"நான் யாழ் மாவட்ட அணிக்கு விளையாடவில்லை. தெரிவுக்குப் போனேன். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூட அணிக்கு விளையாடியது உண்மை. இதை என் மனைவிக்கும் இப்போதுதான் சொல்கிறேன். கிருபன்."

கிருபன் அண்ணை மனைவியின் பக்கம் திரும்பினார். பொக்கற்றுக்குள் கையை விட்டு நீலக் கிளிப்பை எடுத்தார்.

"ஜக்கெற் தோய்க்கப் போட முதல் பொக்கற்றைப் பாத்தன், கமலம். ரெண்டு ஹாங்கரிலயும் என்னைக் காணேல்லையெண்டு மூண்டு நாளாத் தேடினனான். வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

கமலக்கா கிளிப்பை வாங்கினார். இரண்டு என்வலப்பையும் என் மடியில் போட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றில் பதினெட்டுப் பெயரையும் கையாலேயே எழுதினார். யூட்சன் ஒன்பது. கிருபன் மூன்று. மொத்தம் தொண்ணூறு, ஒரு புள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு முகாமையாளர் தயங்கித் தயங்கி எழும்பி, "அண்ணை, எனக்கும் ஒரு வெள்ளைத்தாள் தாறியளோ?" என்றார். தன் பட்டியலில் அவரும் ஆட்டக்காரர்தான். பிறகு இன்னொருவர். பிறகு நாலு பேர். "ஒவ்வொருத்தரா வாங்கோ, ஒவ்வொருத்தரா!" என்று இராஜரட்ணம் அண்ணை மைக்கில் கத்தினார். ஐந்து நிமிடத்தில் யாழ் மாவட்ட அணி பாதியாகியது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மண்டபம் கைதட்டியது. கிருபன் அண்ணையைச் சுற்றி ஒரு கூட்டம். "அப்ப உங்களை ரெண்டாம் நாளே அனுப்பினவங்களோ? என்னை முதல் நாளே!" என்று யாரோ பெருமையடிக்கத் தொடங்கியிருந்தார்.

நான் கமலக்காவின் ஹாங்கர்களைத் தூக்கிக்கொண்டு கார்த் தரிப்பிடத்துக்குப் போனேன். திரும்பவும் வெட்டுப்பட்ட ஆள் அதையாவது செய்ய வேண்டாமா? மனம் என்னவோ லேசாகத்தான் இருந்தது.

"அதிர்ச்சியாப் போச்சோ அக்கா?"

"எது?"

"அண்ணை டிஸ்ரிக்குக்கு விளையாடேல்லையெண்டது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும் தம்பி. எங்கட சித்தப்பாதான் அந்தமுறை தெரிவுக்குழுவில. 'பொடியன் தங்கமான பொடியன், பந்துதான் வராது' எண்டு அப்பாவுக்குச் சொன்னவர்."

"பிறகேன் எட்டுப் போட விட்டனீங்கள்?"

"விட்டனானோ? அந்தப் படிவத்தை நிரப்பினதே நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினன். சொல்லேக்க மனுசன்ரை முகத்தைப் பாத்திருக்கவேணும் நீங்கள். ஆருக்கு வெட்ட மனம் வரும்?" கண் கலங்கிவிட்டது, ஆனால் சிரித்தார். "நான் அறிவன் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. இண்டைக்குத்தான் பெரிய துணிச்சலா ஒண்டு செய்திருக்கிறார்."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, எழுதுங்கோ. அவர் எங்க உதெல்லாம் வாசிக்கிறவர்."

காரின் பின்கதவைத் திறந்து, மேலேயிருந்த கொக்கியில் வலப்பக்க ஹாங்கரை மாட்டினார். கைப்பையிலிருந்து பேனையையும் வெள்ளை ரேப்பையும் எடுத்தார். அவர் வழக்கம் எனக்குத் தெரியும். புள்ளி மாறினால் அந்த இடத்திலேயே பழைய ரேப்பை உரித்து, புதியதை ஒட்டுவார். றெமிஜியஸின் பத்தை அப்படித்தான் அவர் வீட்டு வாசலிலேயே நாலாக்கினார். நீலக் கிளிப்பை விரல்களுக்கிடையில் பிடித்தார். நகத்தால் ரேப்பின் ஓரத்தை மெல்லக் கிளப்பினார்.

மண்டபக் கதவு திறந்து, கூட்டத்தின் நடுவில் கிருபன் அண்ணை சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கமலக்கா கிளப்பிய ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். பேனையை மூடினார். கிளிப்பைச் சால்வை நுனியால் ஒருமுறை துடைத்து, எட்டு தெரியும்படி, ஹாங்கரில் முதலாவதாக மாட்டினார்.